நிறுவுகையும் இற்றைப்படுத்தலும்: ஒரு வரலாற்று நோக்கு

இறுவட்டிற் பொதிந்து விற்கப்பட்ட மென்பொருள் அச்சேறிய நூலை ஒத்தது; வெளியான நாளின் நிலையிலேயே அது நின்றுவிடும். பின்னர் கண்டறியப்படும் குறைகளுக்கான திருத்தங்கள் வேறோரிடத்திற் சேர்ந்துகொண்டே செல்லும். ஆதலின், மென்பொருளை நிறுவும் வேளையிலேயே புதிய திருத்தங்கள் உளவா என அது தானாக இணையத்தில் தேடிப்பார்த்தல் தகுமா என்னும் வினா எழுந்தது. உரியவரின் இசைவின்றி அவரது கணினி வெளியுலகோடு தொடர்பு கொள்ளலாகாது என்பர் ஒருசாரார். அறியப்பட்ட குறைகளோடு ஒரு கணினியைப் புதிதாக இயக்கிவிடுதல் பொறுப்பற்ற செயல் என்பர் மறுசாரார். இவ்வினாவைக் கொள்கையளவில் ஆராய்வதினும் நிகழ்ந்தவற்றோடு பொருத்திப் பார்ப்பதே பயனுடைத்து.

2001 இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி, பழைய விண்டோசின் மேல் நிறுவப்படுகையில், நிறுவற் கோப்புக்களின் புதிய வடிவங்களை இணையத்திலிருந்து பெறலாமா எனக் கேட்டது. தொலைபேசிவழி இணைப்பிற்குப் பலர் நேரக் கணக்கிற் பணஞ் செலுத்திய அக்காலத்தில், இவ்வாறு கேட்டமை வெறும் உபசாரமன்று.

வினாவின் கூர்மை 2003 இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு யூலை 16 ஆம் திகதி மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோசின் குறையொன்றிற்குத் திருத்தம் வெளியிட்டது. ஓகஸ்ட் 11 இல், அதே குறையின் வழியாக பிளாஸ்டர் என்னும் கணினிப் புழு பரவலாயிற்று. பழைய இறுவட்டிலிருந்து அன்று புதிதாக நிறுவப்பட்ட கணினிக்கு இத்திருத்தம் கிடையாது. தீச்சுவர் எனப்படும் காவலேற்பாடு இருந்தும், அது இயல்பில் இயங்கா நிலையிலேயே விடப்பட்டிருந்தது. திருத்தத்தைப் பெற இணையத்தில் இணைந்தால் அந்த இடைவெளியிலேயே புழு புகுந்துவிடும். புகுந்ததும் கணினி 60 செக்கன்களில் நின்று மீளத் தொடங்கும். மருந்துக்கடைக்குச் செல்லும் வழியிலேயே நோய் காத்திருந்தது எனலாம். போதாக்குறைக்கு, திருத்தங்களை வழங்கும் இணைய முகவரி ஒன்றையே தாக்கவும் அப்புழு ஏவப்பட்டிருந்தது. மைக்ரோசொப்ட் அம்முகவரியைக் கைவிட நேர்ந்தது.

அடுத்து வந்த நிகழ்வு இன்னும் நுணுகி நோக்கற்பாலது. அதே ஓகஸ்டில் தோன்றிய நாச்சி என்னும் புழு, பிளாஸ்டரை அகற்றி, மைக்ரோசொப்டின் திருத்தத்தைத் தானே இறக்கி நிறுவியது. செயலை மட்டும் நோக்கின் அது நன்மையே. எனினும் எவரிடமும் கேளாது, இலக்குத் தேடி அது எழுப்பிய தொடர்பாடல் நெரிசலால் அமெரிக்கக் கடற்படையின் வலையமைப்பும் எயார் கனடா விமானசேவையின் கணினிகளும் பாதிப்புற்றன. இசைவற்ற இற்றைப்படுத்தல் எவ்வளவு நல்ல நோக்குடையதாயினும் பிறர் உடைமையில் அத்துமீறலே என்போர்க்கு இதனிற் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இவ்விரு பாடங்களும் ஒருங்கே உள்வாங்கப்பட்டமையை அடுத்த ஈராண்டுகளிற் காணலாம். 2004 ஓகஸ்டில் வந்த எக்ஸ்பியின் இரண்டாம் சேவைப்பொதி தீச்சுவரை இயல்பாகவே இயக்கியதோடு, தன்னியக்க இற்றைப்படுத்தலை ஏற்பதா மறுப்பதா எனவும் வினவியது. 2005 இல் விண்டோஸ் சேர்வர் 2003 இன் முதலாம் சேவைப்பொதி ஒருபடி மேற்சென்றது: அதனோடு புதிதாக நிறுவப்பட்ட கணினி, திருத்தங்களைப் பெறும் ஏற்பாடு முடியும்வரை, வெளியிலிருந்து வரும் தொடர்புகளைத் தடுத்து நின்றது. முதலிற் கதவடைப்பு, பின்னர் தேடல் என்னும் இவ்வொழுங்கே சரியானது. முதலாவது இன்றி இரண்டாவதை மட்டும் வற்புறுத்துவோர் 2003 ஐ மறந்தவராவர்.

ஆயினும், திருத்தம் வரும் வழியே நஞ்சாகுமிடத்து இவ்வொழுங்கும் உதவாது. 2017 யூன் 27 இல் நொட்பெட்யா என்னும் அழிவுநிரல், உக்ரேனிற் பெருவழக்கிலிருந்த எம்.ஈ.டொக் என்னும் கணக்கியல் மென்பொருளின் இற்றைப்படுத்தல் வழியே பரவியது. டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் 4,000 சேவையகங்களையும் 45,000 கணினிகளையும் மீள நிறுவ வேண்டியதாயிற்று. தேடுதல் வேறு, தேடிக் கண்டதை நம்பி நிறுவுதல் வேறு என்பது இதனாற் பெறப்படும். முன்னதை இயல்பாக அமைப்பதில் தவறில்லை. பின்னதற்கு மின்னியற் கையொப்பச் சோதனையும் உரியவரின் இசைவும் இன்றியமையாதன.

2021 இல் வெளியான விண்டோஸ் 11 இன் வீட்டுப் பதிப்பு முதல் ஏற்பாட்டிற்கே இணைய இணைப்பை வேண்டியது. டெபியன் நிறுவியோ, முழுமையான வட்டு இருப்பின், இணைப்பேதுமின்றி வேலையை முடிக்க இன்றும் இடந்தருகிறது.