வகுப்புக் குறிப்புகள்

ஒரே ஆண்டில் பட்டம் பெற்றவர்கள் தங்கள் வேலை, திருமணம், பிள்ளைப்பேறு, குடிபெயர்வு ஆகியவற்றைக் கல்லூரிக்கும் உடன் படித்தோருக்கும் காலந்தோறும் தெரிவிக்கும் பதிவே வகுப்புக் குறிப்பு. மரணச் செய்தியும் இதில் அடங்கும். அதை மற்றவர்கள் எழுதுவார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில்தான் இது தனி எழுத்து வகையாக வளர்ந்தது. தற்பெருமைப் பத்தி என்று அதைக் கேலி செய்வது அங்கே நெடுநாள் வழக்கம். கேலியில் நியாயம் உண்டு. ஆனால் எழுதியவர்களை மட்டும் குறை சொல்வது சரியாகாது. கேட்டவர்கள் என்ன கேட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இந்த வகையின் வரலாறு பெரும்பாலும் கேள்விகளின் வரலாறு.

ஹார்வர்டு கல்லூரி 17ஆம் நூற்றாண்டிலேயே பட்டதாரிகளின் பெயர்ப்பட்டியலை லத்தீனில் அச்சிட்டது. இறந்தவர் பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். இருக்கிறாரா, இல்லையா என்பதற்கு மேல் அந்தப் பட்டியல் பெரிதாக எதையும் விசாரிக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் அங்கு நூலகராக இருந்த ஜான் லாங்டன் சிப்லி, பெயர்களுக்குப் பின்னால் இருந்த மனிதர்களைத் தேடித் தொகுத்து 1873 முதல் மூன்று தொகுதிகளாக வாழ்க்கைக் குறிப்புகளை வெளியிட்டார். யேல் கல்லூரிக்கு பிராங்க்ளின் டெக்ஸ்டர் அதே வேலையைச் செய்தார். இதற்கிடையே ஒவ்வொரு வகுப்பும் தனக்கென ஒரு செயலாளரை வைத்துக்கொண்டு, அவர் மூலம் கேள்வித்தாள் அனுப்பும் பழக்கம் வேரூன்றியிருந்தது. தொழில் என்ன, திருமணம் ஆயிற்றா என்பவைதான் கேள்விகள். ஹார்வர்டின் 1837ஆம் ஆண்டு வகுப்பைச் சேர்ந்த ஹென்றி டேவிட் தோரோ 1847இல் எழுதிய பதில் அந்தத் தாளின் போதாமையை அம்பலப்படுத்திவிட்டது. தனியே குடிசையில் வாழ்ந்த வால்டன் குளக்கரையை விட்டு அவர் வந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. தன்னுடையது தொழிலா வியாபாரமா என்றே தெரியவில்லை என்று சொல்லி, ஆசிரியர், நில அளவையாளர், தோட்டக்காரர், தச்சர், கொத்தனார், கூலியாள், பென்சில் செய்பவர், எழுத்தாளர் என்று அடுக்கிக்கொண்டே போனார். என்னைத் தருமத்துக்குரியவனாக எண்ண வேண்டாம், பணத்தட்டுப்பாடு உள்ள வகுப்புத் தோழர் யாராவது இருந்தால் பணத்தைவிடப் பெறுமதியான ஆலோசனை தருகிறேன் என்ற பொருளில் முடித்தார். ஒரே சொல்லில் விடை வேண்டிய கட்டத்தில் ஒரு முழு வாழ்க்கையைக் கொண்டுவந்து கொட்டிய குறும்பு அது.

கேள்வி மாறினால் இந்தப் பதிவுகள் எவ்வளவு கனமாகும் என்பதைப் பெண் பட்டதாரிகளின் வரலாறு காட்டுகிறது. உயர்கல்வி பெண்ணின் உடலைக் கெடுக்கும் என்று பாஸ்டன் மருத்துவர் எட்வர்ட் கிளார்க் 1873இல் ஒரு நூல் எழுதினார். மரியன் டால்பட் முதலிய பட்டதாரிப் பெண்கள் தொடங்கிய சங்கம் வாதாடிக்கொண்டிருக்காமல், படித்து வெளிவந்தவர்களுக்கே உடல்நலம் பற்றிக் கேள்வித்தாள் அனுப்பியது. 705 பேர் பதில் எழுதினார்கள். 1885இல் வெளியான முடிவு, பெரும்பாலோர் நல்ல உடல்நலத்துடன் இருப்பதைக் காட்டியது. 1957இல் பெட்டி ஃபிரீடன் ஸ்மித் கல்லூரியில் தன்னுடன் 1942இல் பட்டம் பெற்றவர்களுக்குப் பதினைந்தாம் ஆண்டுக் கூடலுக்காகக் கேள்வித்தாள் அனுப்பினார். கணவர், குழந்தை, வீடு என்பதோடு நிறுத்தாமல், வாழ்க்கையில் எது நிறைவு தருகிறது, எது உறுத்துகிறது என்றும் கேட்டார். ஏறத்தாழ 200 பேர் எழுதிய பதில்களில், வழக்கமான குறிப்புகளில் தலைகாட்டாத மனக்குறை வெளிப்பட்டது. அதைக் கட்டுரையாக்கியபோது பெண்கள் இதழ்கள் ஏற்கவில்லை. 1963இல் அது 'தி ஃபெமினைன் மிஸ்டிக்' என்ற பெண்ணிய நூலாக விரிந்தது. அதே பெண்கள், அதே வீடுகள். கேட்டவிதம் மட்டுமே வேறு.

தவறான கேள்விக்கும் இதே வலிமை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஹார்வர்டு தலைவர் சார்லஸ் எலியட் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 1872 முதல் 1877 வரையிலான ஆறு வகுப்புகளின் பதிவுகளிலிருந்து பிள்ளைகளை எண்ணிப் பார்த்து, பட்டதாரிகள் தங்கள் எண்ணிக்கையைக்கூட ஈடுசெய்யவில்லை என்றார். அந்தக் காலத்து இனமேன்மைவாதிகளுக்கு இத்தகைய கணக்குகள் நல்ல தீனி. பிள்ளைப்பேறு குறைவதை அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் 'இனத் தற்கொலை' என்று முழங்கிய நாட்கள் அவை. நண்பர்களுக்கு ஆசையாய் எழுதிய பிள்ளைகளின் பெயர்கள் இப்படியும் பயன்பட்டன.

வென்றவர்தான் எழுதுவார், தோற்றவர் வாய் திறக்க மாட்டார், ஆகவே இவற்றை நம்ப முடியாது என்பது வலுவான மறுப்பு. ஆனால் மற்ற தன்வரலாறுகளுக்கு இல்லாத ஒரு வசதி இங்கே உண்டு: வகுப்பின் முழுப் பட்டியல் கல்லூரியின் கையில் இருக்கிறது. எழுதாதவர் யார் என்பதும் தெரியும். நாட்குறிப்புகளிலும் நினைவுக் குறிப்புகளிலும் அந்த மௌனத்தை எண்ண முடியாது. எழுதுபவர் எல்லோரும் வென்றவர்களும் அல்லர். ஹார்வர்டு 1962ஆம் ஆண்டு வகுப்பின் ஐம்பதாம் ஆண்டு ஏட்டில், குண்டுகளால் மூவரைக் கொன்ற தியடோர் கசின்ஸ்கியின் பதிவும் அச்சேறியது. தொழில்: கைதி. விருதுகள்: எட்டு ஆயுள் தண்டனைகள். பழைய மாணவர் சங்கம் பிறகு வருத்தம் தெரிவித்தது. படிவத்தின் அசட்டுத்தனத்தை அவ்வளவு கொடூரமாகக் காட்டிய பதில் வேறு இருக்க முடியாது. நன்கொடைக்காகத்தான் கல்லூரிகள் முகவரி திரட்டுகின்றன என்ற குற்றச்சாட்டும் பொய்யல்ல. யேல் 1890லேயே பழைய மாணவர் நிதியைத் தொடங்கிவிட்டது. எனினும் நன்கொடை யாரிடமிருந்து வரும் என்று முன்கூட்டித் தெரியாததால், நொடித்துப் போனவரையும் விடாமல் தேட வேண்டியிருந்தது. ஆய்வாளருக்கு அது லாபம்.

லிங்க்ட்இன் 2003இலும், ஹார்வர்டு விடுதியிலேயே பிறந்த ஃபேஸ்புக் 2004இலும் வந்த பிறகு இந்தக் குறிப்புகளுக்கு வேலை போயிற்று என்பார்கள். ஆனால் அந்தத் தளங்களில் எழுதச் சொல்லி யாரும் தேதி குறித்துக் கேட்பதில்லை. பதவி உயர்ந்த நாளில்தான் எழுதத் தோன்றுகிறது. ஹார்வர்டின் வகுப்பு ஏடு ஐந்தாண்டுக்கு ஒருமுறை, நல்லது நடந்திருந்தாலும் நடக்காவிட்டாலும், வகுப்பில் எல்லோரையும் ஒரே நேரத்தில் கேட்கிறது.