கலந்த ஒலியும் பிரித்த குரலும்

திருச்சிராப்பள்ளியில் வளர்ந்து, 1959-ஆம் ஆண்டு மறைந்தபின் அந்நகரின் சங்கிலியாண்டபுரத்தில் அடக்கம் செய்யப்பெற்றவர் எம். கே. தியாகராச பாகவதர். அவர் குரலை அறிதற்கு நமக்குள்ள சான்றுகள் இசைத்தட்டுகளும் திரைப்படங்களுமே. அவற்றிலும் குரல் தனித்து நிற்பதன்று. 1934-இல் 'பவளக்கொடி' வெளிவந்த காலத்தில், நடிகர் படக்கருவியின் முன் நின்று பாடுவர். பக்கவாத்தியக்காரர் அதன் பார்வைக்கு அப்பால் அமர்ந்து வாசிப்பர். எல்லாம் ஒரே தடத்திற் பதியும். பாட்டை முன்னரே பதிவுசெய்யும் வழக்கம் வந்தபின்னும், 1944-இல் வந்த 'ஹரிதாஸ்' காலத்தும், தடம் ஒன்றே.

கலந்ததைப் பிரித்தல் கூடுமோ? கணிப்பொறி மென்பொருள்கள் இன்று அதற்கு முற்படுகின்றன. 2019-இல் டீசர் நிறுவனம் வெளியிட்ட ஸ்ப்ளீட்டரை எவரும் எடுத்தாளலாம். ஜான் லெனான் பியானோவுடன் பாடி ஒலிநாடாவில் விட்டுச்சென்ற பாட்டிலிருந்து அவர் குரலைப் பிரித்தெடுத்து, 2023-இல் பீட்டில்ஸ் குழுவினர் ஒரு பாடலையே வெளியிட்டனர். இம்மென்பொருள்கள் ஒலியைக் கணந்தோறும் அதிர்வெண்களாகப் பகுத்து, ஒவ்வொரு கூற்றிலும் குரலின் பங்கு எவ்வளவு என மதிப்பிட்டு, எஞ்சியதைத் தணிக்கின்றன. மதிப்பீடு என்ற சொல்லை ஈண்டு மறத்தலாகாது.

திருவரங்கத்து அரையர் சேவையில் குரலுக்குத் துணை கைத்தாளமே. தாளவொலி கணத்தில் எழுந்து பல அதிர்வெண்களிற் பரவும். குரல் நீண்டு தொடரும். இயல்பு வேறாதலின் பிரித்தல் ஓரளவு எளிது. பாகவதர் பாட்டிலோ ஆர்மோனியமும் வயலினும் குரல் தொடும் சுரத்தையே உடன்தொட்டுச் செல்கின்றன. ஆண்டு வயலினின் அசைவு குரலின் கமகமாக ஒட்டிக்கொள்ளலாம்; சகரத்தின் உரசொலி இரைச்சலெனக் கழிந்துபோகலாம். அன்றியும், பெரும்பாலான மென்பொருள்கள் மேலைநாட்டு இசையைக் கொண்டே பயிற்றப்பெற்றவை. பார்சிலோனாவின் பாம்பேயு பாப்ரா பல்கலைக்கழக ஆய்வாளர் கருநாடக இசைக்கெனத் தொகுத்த 'சராகா'விலும், ஒருவருடைய ஒலிவாங்கியில் அடுத்தவர் ஒலி புகுந்தே உள்ளது.

பிரித்தெடுத்த குரலைத் 'தூய குரல்' எனப் பாராட்டுவார் உளர். நாம் அங்ஙனம் கருதிலேம். செல்லரித்த ஏட்டின் இடைவெளியைப் பதிப்பாசிரியன் ஊகத்தால் நிரப்பிய பாடத்தை அது ஒக்கும். பாபநாசம் சிவன் இயற்றிய பாடல்களின் சொற்களைத் தெளிதற்கு அது பெரிதும் உதவும். பாகவதரின் கமகத்தை வரையறுக்க அதனை மட்டும் சான்றாகக் கொள்வது தகாது. அவர் மீண்டும் பாடித் திருத்துதற்கில்லை. ஆகலின் மூலப்பதிவை மாற்றாது காத்தலும், எம்மென்பொருளால் எவ்வாண்டிற் பிரிக்கப்பெற்றது எனக் குறித்தலும் வேண்டும். பக்கவாத்தியம் ஓய்ந்து குரல் தானே ஒலிக்கும் சில நொடிகள் பதிவில் உண்டாயின், பிரித்த குரலை முதலில் அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று.