மேயர்ஹாஃப் உதவித்தொகைத் திட்டம்

அறிவியல், பொறியியல், கணிதம் படிக்க வரும் கறுப்பின இளைஞர்களை முனைவர் பட்டம் வரை கொண்டுசெல்ல, அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகம், பால்டிமோர் கவுன்டியில் 1988இல் உருவான திட்டம். 1989இல் சேர்ந்த முதல் அணியின் 19 பேரும் ஆப்பிரிக்க-அமெரிக்க ஆண்கள்.

கறுப்பின மாணவர் பலர் முதலாண்டு வேதியியலிலும் கணிதத்திலுமே தடுமாறி, அறிவியலைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலம் அது. அதற்கு வழிதேடியவர் பல்கலைக்கழக நிர்வாகியும் கணிதவியலாளருமான ஃபிரீமன் ரபாவ்ஸ்கி. அலபாமாவின் பர்மிங்காமில் பிறந்த இவர், 1963இல் அங்கு நடந்த சிறுவர் பேரணியில் கலந்துகொண்டு, 12 வயதிலேயே சிறை கண்டவர். பால்டிமோரின் கட்டடத் தொழிலதிபர் ராபர்ட் மேயர்ஹாஃபுக்கு வேறொரு கவலை: தொலைக்காட்சியில் கறுப்பின இளைஞன் குற்றவாளியாகவோ விளையாட்டு வீரனாகவோதான் தென்படுகிறான். ராபர்ட், ஜேன் தம்பதியின் பெருங்கொடையே திட்டத்தின் முதல்.

கல்லூரி திறக்குமுன் ஆறு வாரக் கோடைப் பயிற்சி. முதலாண்டு முழுவதும் ஒரே விடுதி. தனியாக உட்கார்ந்து படிப்பதைவிடக் கூடிப் படிப்பதையே திட்டம் வற்புறுத்துகிறது. தனக்கு விளங்கியதைத் தோழனுக்கு விளக்குவதும் மாணவனின் கடமை. விடுமுறைகளில் ஆய்வகப் பணி உண்டு. அடிப்படைப் பாடத்தில் 'சி' வாங்கியவர், தேறியிருந்தாலும், அதை மறுபடி படிக்க அறிவுறுத்தப்படுவார். தோல்வியைத் தவிர்ப்பதை மட்டும் குறிவைக்கும் துணைவகுப்புகளிலிருந்து இத்திட்டம் விலகி நிற்பது இந்த இடத்தில்தான்.

கெட்டிக்காரர்களையே பொறுக்கியெடுத்தால் வெற்றி வராமல் என்ன செய்யும் என்று கேட்போர் உண்டு. ஆனால் அழைப்புக் கிடைத்தும் வேறு கல்லூரிகளுக்குப் போனவர்களைவிட, இங்கு பயின்றவர்கள் அறிவியல் முனைவர் படிப்பில் சேரும் வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்கு என்று ஆய்வுகள் காட்டியபின் அந்த ஐயத்துக்கு இடமில்லை.

1990இல் பெண்கள் சேர்க்கப்பட்டனர். கறுப்பின மாணவர்க்கென மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் மற்றொரு வளாகம் வழங்கிவந்த பானக்கர் உதவித்தொகை செல்லாது என 1994இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் விளைவாக 1996இல் திட்டம் எல்லா இனத்தாருக்கும் திறக்கப்பட்டது.

2017இல் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரியான ஜெரோம் ஆடம்ஸ், கோவிட் தடுப்பூசி ஆய்வில் பங்காற்றிய கிஸ்மேக்கியா கார்பெட் ஆகியோர் இதன் முன்னாள் மாணவர்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்திலும் சேப்பல் ஹில்லிலுள்ள வட கரோலைனா பல்கலைக்கழகத்திலும் இதை ஒட்டிய திட்டங்கள் நடைபெறுகின்றன.