வாடகை தின்ற சோறு

1927இல் இங்கிலாந்தின் ஸ்டாக்டன்-ஆன்-டீஸ் நகராட்சி ஒரு சேரியை இடித்து, அங்கிருந்த 152 குடும்பங்களை மவுண்ட் பிளசன்ட் என்ற புதுக் குடியிருப்பில் அமர்த்தியது. குளியலறை, காற்றோட்டம், உணவு வைக்கத் தனி இடம் எல்லாம் இருந்த வீடுகள். ஆனால் அடுத்த ஐந்தாண்டுகளில் அம்மக்களின் இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 23லிருந்து 33க்கு மேல் ஏறியது. நகரச் சுகாதார அதிகாரி மெகோனிகல் இதைக் கணக்கிட்டபோது, குடிபெயர்ந்தவர்களில் முதியோரோ குழந்தைகளோ அதிகமாக இருந்திருப்பார்கள் என்ற ஐயம் எழுவது இயல்பானதே. அதனால்தான் அவர் வயதமைப்பைச் சரிசெய்து பார்த்தார், ஏற்றம் மறையவில்லை. ஊருக்கே பொதுவான கொள்ளைநோயும் காரணமல்ல. பக்கத்துச் சேரியிலேயே தங்கியவர்களிடம் விகிதம் சற்றுக் குறைந்திருந்தது. வீட்டுக் கணக்குகள்தான் விடை தந்தன: வாடகை ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தது. வேலையில்லாக் குடும்பங்களால் அந்தக் காசை உணவில்தான் மிச்சம் பிடிக்க முடிந்தது.

அப்படியானால் சேரிகளை விட்டுவைக்கலாமா? இந்தக் கணக்கு அதற்குச் சான்றல்ல. ஈரச் சுவரும் நெரிசலும் காசநோய்க்கு இடம் கொடுப்பவை. நல்ல வீடு கட்டாயம் வேண்டும். ஆனால் மானியத்தைச் செங்கல்லோடு நிறுத்தி, வாடகையைக் கூலி தாங்காத அளவுக்கு வைத்தால், வீடு தரும் நலத்தை அடுப்படி இழந்துவிடுகிறது. 1936இல் மெகோனிகல் கிர்பி என்பவருடன் சேர்ந்து எழுதிய நூல் இதையே பொதுமக்கள் முன் வைத்தது.