கதிர் திரும்பும் நாள்

தில்லிவாழ் தமிழர்க்கு ஜூன் மாதம் உவப்பானதன்று. வெயில் தணிந்திராது, மழையும் வந்திராது. அம்மாதம் 21ஆம் நாளன்று எங்கள் குடியிருப்புக் குழந்தைகளை மொட்டை மாடிக்கு அழைத்து ஒரு சிறு விழா எடுக்க நாங்கள் துணிந்தோம். ஆண்டிலேயே நீண்ட பகல் அதுதான். தில்லியில் ஏறத்தாழ 14 மணி நேரம்.

தெருவோரத்துச் சரக்கொன்றையில் எஞ்சிய பூங்கொத்துகளும் வேப்பிலையும் தோரணமாயின. பானகமும் நீர்மோரும் இருந்தன. நாவற்பழம் தின்ற நாக்குகள் நீலம் பாரித்தன. விழாவின் நாயகம் மணல் நிரப்பிய தொட்டியில் நட்ட 100 சென்டிமீட்டர்க் குச்சி ஒன்றே. அதனைச் சுற்றிக் கரியால் வட்டம் வரைந்தோம். முற்பகலில் நிழலின் நுனி வட்டத்துள் புகும் இடத்தையும், பிற்பகலில் வெளியேறும் இடத்தையும் குறித்தால் கிழக்கு மேற்குத் திசை கிடைத்துவிடும். குழந்தைகள் பந்தல் நிழலில் காத்திருந்து, முறை வைத்து ஓடிச் சென்று புள்ளியிட்டனர். தாய்மார் எங்களை நொந்துகொண்டது நியாயமே.

நண்பகல் கடிகாரத்தில் 12 மணிக்கு வரவில்லை, 12.22க்கு வந்தது. நிழல் 9 சென்டிமீட்டராகச் சுருங்கி வடக்கே கிடந்தது.

"தட்சிணாயனம் ஆடி முதல் தேதியல்லவா பிறக்கும்? இப்போது ஆனிதானே நடக்கிறது?" என்றார் அடுத்த வீட்டுப் பாட்டி. குழந்தைகள் எங்கள் முகத்தைப் பார்த்தனர். பஞ்சாங்கம் பொய்யா, குச்சி பொய்யா? விடை சொல்லாமல் தப்ப இயலவில்லை.

6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் இதே ஐயத்தை எதிர்கொண்டவர். ஆயிலியத்தின் நடுவில் கதிரவன் தெற்கே திரும்பியதாகப் பழைய நூல்கள் கூறின. அவர் காலத்திலோ கடகத்தின் தொடக்கத்திலேயே திரும்பிற்று. அவர் முன்னோரைப் பழிக்கவில்லை. பெரிய வட்டத்தில் குச்சியின் நிழல் புகுவதையும் வெளிவருவதையும் கண்டு தேர்ந்துகொள்ளுமாறு வழி கூறினார். எங்கள் கரிவட்டம் அவர் தந்ததே.

சுழலும் பம்பரம் தலையாட்டுவதுபோலப் பூமியின் அச்சும் மெல்லத் தலையாட்டுகிறது. ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் திரும்புமிடம் பின்வாங்கி, இன்று கடகத்தை விட்டு மிதுனத்துள் வந்துவிட்டது. மிதுனமே நம் ஆனி. விண்மீன்களைக் கொண்டு மாதம் கணிக்கும் பஞ்சாங்கம் அதனால் சுமார் 25 நாள் பிந்துகிறது. மேகநாத சாகாவின் தலைமையில் 1952இல் அமைந்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு இதனை ஆராய்ந்து 1955இல் அறிக்கை அளித்தது. 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்த தேசிய நாட்காட்டியில் ஆஷாட மாதம் ஜூன் 22இல் பிறக்கிறது. வானொலியில் சக ஆண்டுத் தேதியைக் கேட்டும் கேளாமலும் இருந்துவிடும் நம்மில் பலர் இதனைக் கவனித்ததில்லை. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாங்களும் அந்த மாதப் பெயர்களைப் பலமுறை எழுதியிருந்தும் பொருளை நினைத்துப் பார்த்ததில்லை.

பாட்டி இவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பின்னர்க் குனிந்து நிழலைப் பார்த்து, "கும்பகோணத்தில் எங்கள் முற்றத்துத் துளசி மாடத்தின் நிழல் ஆனி மாத உச்சிவேளையில் தெற்கேயல்லவா விழும்? இங்கே வடக்கே விழுகிறதே!" என்றார்.

நாங்கள் திகைத்தோம். அவர் கூற்று முற்றும் சரி. அந்நாளில் கதிரவன் கடகரேகைக்கு நேர்மேலே நிற்கிறான். அதற்குத் தெற்கேயுள்ள ஊரில் அவன் உச்சிக்கு வடக்கே நிற்பதால் நிழல் தெற்கே சாயும்; வடக்கேயுள்ள தில்லியில் வடக்கே சாயும். தில்லிக்கும் அந்த ரேகைக்கும் இடைவெளி ஏறத்தாழ 5 பாகை. ஜந்தர் மந்தரிலுள்ள மிச்ர யந்திரத்தின் வடசுவர் அந்த 5 பாகை அளவே சாய்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. எத்தனையோ முறை சுற்றிப் பார்த்த எங்களுக்கு அச்சுவர் அன்றுதான் விளங்கிற்று.

ஆடி முதல் தேதியன்று குழந்தைகள் மீண்டும் மாடியேறினர். அளவுநாடாவின் ஒரு முனையைப் பாட்டியே பிடித்துக்கொண்டார். மேகம் விலகிய சிறிது நேரத்தில் நிழல் 13 சென்டிமீட்டர் காட்டிற்று.

"திரும்பித்தான் போயிருக்கிறான்" என்றார் பாட்டி. பிறகு கீழே சென்று ஆடிப் பாயசத்துக்குத் தேங்காய் துருவத் தொடங்கினார்.