வந்தியின் பங்கு

சொக்கநாதர் பிட்டுக்கு மண் சுமந்து பிரம்படி பட்ட கதை நம் ஜனங்கள் எல்லாருக்கும் தெரியும். மதுரையில் ஆவணி மாதந்தோறும் அதற்குத் திருவிழாவே நடக்கிறது. பக்தர்கள் அதில் இறைவனின் கருணையைப் பார்க்கிறார்கள். எனக்கு அதோடு இன்னொன்றும் தெரிகிறது: வெள்ள காலத்தில் ஓர் ஊர் தன் ஆற்றங்கரையை எப்படிக் காத்துக்கொண்டது என்கிற விவரம்.

வைகை பெருகுகிறது. பாண்டியன் கரையை அளந்து, வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்து விடுகிறான். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கும் ஒரு பங்கு உண்டு. அனுப்புவதற்கு அவளுக்குப் பிள்ளை இல்லை; ஆள் அமர்த்தக் காசும் இல்லை. உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு வந்தவனோ தின்றான், ஆடினான், பாடினான், படுத்துத் தூங்கினான். மற்ற பங்கெல்லாம் அடைபட்டிருக்க, வந்தியின் பங்கு மட்டும் வாய் பிளந்து கிடந்தது. கரை விஷயத்தில் சூட்சுமமே இதுதான். நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு அடைத்தாகிவிட்டது என்று யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது. மிச்சமிருக்கும் ஒரு பங்கின் வழியாகத்தான் ஆறு ஊருக்குள் வரும்.

மண் கரை எப்படி உடைகிறது? தண்ணீர் மேலேறி வழிந்தால் உடையும். அது குழந்தைக்கும் தெரியும். கரைக்காவல் இருப்பவர்கள் பயப்பட வேண்டியது வேறு இரண்டுக்கு. ஆறு வளைகிற இடத்தில் நீரோட்டம் கரையின் காலடியை அறுக்கும். மேலே நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. திடீரென்று வண்டி வண்டியாக மண் சரியும். அங்கே மண்ணைக் கொட்டிப் பயனில்லை. கொட்டக் கொட்ட ஆறு கொண்டுபோகும். மரத்தைக் கிளையும் தழையுமாக வெட்டி, அடியைக் கரைமேல் அடித்த முளையில் கயிற்றால் கட்டி, தலையைத் தண்ணீருக்குள் விடுவார்கள். தழைக்குள் புகுந்த நீர் வேகம் தணிந்து வண்டலைப் போட்டுவிட்டுப் போகும். ஆற்றோடு மல்லுக்கு நிற்காமல் அதை நயமாகத் தணிக்கிற வித்தை இது.

இன்னொன்று ஊற்று. நண்டு வளையோ எலி வளையோ வழிவிட, கரைக்கு வெளியே வயல் பக்கத்தில் நீர் கொப்புளிக்கும். தெளிவாக வந்தால் அவ்வளவு பயமில்லை. கலங்கி வந்தால், கரையின் உள்மண் கரைந்து வருகிறது என்று அர்த்தம். அனுபவமில்லாதவன் ஓடிப்போய் அதன் வாயை அடைப்பான். பக்கத்திலேயே வேறொரு வாய் திறக்கும். தெரிந்தவன் அதைச் சுற்றிக் கிணற்றுச் சுவர்போல் மணல் மூட்டைகளை அடுக்குவான். உள்ளே தண்ணீர் உயர உயர, அதன் பாரமே ஊற்றை அடக்கும், நீரும் தெளியும். நடுநிசியில், கொட்டும் மழையில், ஒரு கை நீரை ஏந்தி லாந்தர் வெளிச்சத்தில் கலங்கலா தெளிவா என்று பார்க்க ஆள் வேண்டும்.

அந்த ஆள் யார் என்பதுதான் சரித்திரத்தில் எனக்குச் சுவாரசியமான கேள்வி.

கரிகாலன் காவிரிக்குக் கரை கட்டியதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. தனக்குக் கீழ்ப்பட்ட மன்னர்களைக் கொண்டு அவன் கட்டுவித்தான் என்று பிற்காலத் தெலுங்குச் சோடர் சாசனங்கள் பெருமையடிக்கின்றன. மன்னர்கள் கூடை தூக்கினார்கள் என்று நம்ப நான் தயாரில்லை. அவர்களுடைய ஊர்க்காரர்கள் தூக்கியிருப்பார்கள். கூடைக்குச் சாசனம் கிடையாது.

வெள்ளைக்காரன் காலத்தில் விஷயம் பச்சையாக எழுத்திலேயே வந்துவிட்டது. சென்னை ராஜதானிக்காக 1858-ல் ஒரு சட்டம் செய்தார்கள். ஏரிக்கரையோ ஆற்றங்கரையோ உடையும் அபாயம் வந்தால், கிராமத் தலைவர் ஆட்களைக் கூப்பிடலாம். வராதவர்களுக்குத் தண்டனை உண்டு. கரையைக் காப்பதற்கு வேண்டிய சாமான்களையும் வாங்கிக்கொள்ளலாம். பழைய குடிமராமத்து வழக்கத்தையும் அதே சட்டத்தில் சேர்த்துக் கட்டினார்கள். எல்லாம் சரி. ஆனால் உடைப்புக் காலத்தில் கூப்பிட வேண்டிய ஆட்கள் யார் என்று அது சொல்லும் இடத்தில் நான் நின்றுவிட்டேன்: உழைப்பாளி வகுப்பைச் சேர்ந்த திடகாத்திரமான ஆண்கள். அவ்வளவுதான். மாடி வீட்டுக்காரர் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. பாண்டியனாவது வீடு வீடாகப் பங்கு வைத்தான்; அவனுடைய அநியாயம் கிழவிக்கும் பங்கு வைத்தது. இங்கே அநியாயம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. உடைப்பினால் பாழாகும் நெல் மிராசுதாருடையது. அதைக் காக்கக் கழுத்தளவு நீரில் முளை அடிப்பவனுக்கு ஒரு குழி நிலம்கூட இராது. அவன் போகாமலும் இருக்க முடியாது. தாழ்ந்த இடத்தில் இருக்கும் அவன் குடிசையைத்தான் வெள்ளம் முதலில் எடுக்கும்.

1924 ஜூலையில் காவிரியும் கொள்ளிடமும் கரை மீறிப் பெருகின. அடுத்த ஆண்டு தொடங்கிய மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது. இனிக் கரைக்குக் கவலையில்லை என்று அப்போது சிலர் நினைத்திருக்கலாம். ஆனால் பவானியும் நொய்யலும் அமராவதியும் மேட்டூருக்குக் கீழேதான் காவிரியில் சேர்கின்றன. அங்கே பெய்யும் மழையை அணை தடுக்காது. ஆகவே ஐப்பசி மழை நெருங்கும்போது மணல் மூட்டைகளையும் சவுக்குக் கம்புகளையும் இன்றும் தயாராக அடுக்கி வைக்கிறார்கள். சாக்குக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பை வந்திருக்கிறது. அதைத் தலையில் தூக்கிக்கொண்டு கரையேறுகிறவன் இப்போதும் தினக்கூலிக்காரன்தான்.