சக்கிமுக்கிக் கல்லும் சென்னைச் சிப்பாயும்



பழந்துப்பாக்கி ஒன்றின் படத்தைக் கண்ட ஐந்தாம் ஆண்டு மாணவன், "ஐயா, கல்லுக்குள் தீ எப்படி இருக்கும்?" என வினவினான். நல்ல வினா. கல்லில் தீ இல்லை. அதன் கூரிய விளிம்பு எஃகைச் சுரண்டுகையில் உதிரும் நுண்துகள்களே காற்றில் எரிந்து பொறியாகின்றன. எரிவது இரும்புதான். (மலாய்மொழியில் இக்கல்லைப் 'பத்து ஆப்பி', அதாவது தீக்கல், என்பர்.)

18ஆம் நூற்றாண்டில் கும்பினியாரின் சென்னைச் சிப்பாய் இப்பொறியை நம்பியே களம் புகுந்தான். துப்பாக்கியின் 'குதிரை' எனும் உறுப்பு கல்லைக் கவ்வியிருக்கும். இரும்பு நேரே கவ்வினால் கல் நழுவும், நொறுங்கவும் கூடும். ஆதலால் தோல்துண்டிலோ மெல்லிய ஈயத்தகட்டிலோ பொதிந்து திருகாணியால் முடுக்கினர். விளிம்பு எஃகின் அகலம் முழுவதும் சீராகத் தொடவேண்டும். கோணினால் ஒரு மூலை மட்டுமே தேய்ந்து பொறி குன்றும். ஒரு கல் ஏறத்தாழ 20 முதல் 30 வேட்டுகள் வரை உழைக்கும். மழுங்கினால் மெல்லத் தட்டிக் கூராக்கலாம். பொறி விழும் கிண்ணியிலிருந்து குழலுக்குச் செல்லும் துளையில் கரி அடைத்துக்கொண்டால், கிண்ணி மருந்து மட்டும் பளிச்சிட்டு அடங்கிவிடும், குண்டு பாயாது. அதற்கென ஓர் ஊசியும் சிறு தூரிகையும் சிப்பாயிடம் இருந்தன.

இத்தனை பேணியும் மருந்து நனைந்தால் அனைத்தும் வீண். லாபிஸ் மழையில் நனைந்த தீக்குச்சியை உரசிப் பார்த்தோர்க்கு இது விளங்கும்.

1756 அக்டோபரில் கிளைவுடன் சென்னையிலிருந்து வங்காளத்திற்குக் கப்பலேறியோருள் சிப்பாய்களும் பலர். 1757 ஜூன் 23 அன்று பிளாசியில், நண்பகல் வேளையில் பெருமழை கொட்டியது. கும்பினிப் படை தன் வெடிமருந்தைத் தார்ப்பாயால் மூடிக் காத்தது. நவாபின் மருந்தோ நனைந்து பாழாயிற்று. எதிரியின் மருந்தும் நனைந்திருக்கும் எனக் கருதி முன்னேறிய தளபதி மீர் மதன் குண்டடிபட்டு மாண்டார். அவ்வீழ்ச்சியே நவாபை நிலைகுலையச் செய்தது.

பிளாசி என்றதும் மீர் ஜாபரின் துரோகத்தையே நாம் கூறிப் பழகிவிட்டோம். துரோகம் மெய்தான். ஆயினும் அம்மழையையும் தார்ப்பாயையும் விடுத்துக் கதை சொல்வது அரைக்கதையே என்பது என் எண்ணம். கிளைவின் பெயரை நம் பிள்ளைகள் அறிவர். சென்னையிலிருந்து கடல் கடந்து அங்கு நின்ற சிப்பாய்களுள் ஒருவர் பெயரையேனும் அறிவரா?

பின்னர் 1807இல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத், அடித்த மாத்திரத்தில் வெடிக்கும் மருந்தைக் கொண்டு துப்பாக்கியை இயக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1840களில் பிரித்தானியப் படையும் அம்முறைக்கு மாறத் தொடங்கியது. குதிரையின் வாயிலிருந்து கல் நீங்கிற்று.